பெரிய கடைகளுக்கு நடுவே ஒரு தெருமுனைக் கடை... குரோம்பேட்டை சொல்லும் கணக்கு!

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி சாலையில் சனிக்கிழமை மாலை நடந்து பாருங்கள். சரவணா ஸ்டோர்ஸ், போத்தீஸ் என ஒரு காலத்தில் தி.நகருக்கு ரயிலேறிப் போய்ப் பார்த்த பெயர்ப்பலகைகள் எல்லாம் இப்போது இந்தச் சாலையிலேயே ஜொலிக்கின்றன. பட்டுப்புடவை முதல் பல்பொடி வரை ஒரே கட்டடத்தில் கிடைக்கிறது. குடும்பம் குடும்பமாக உள்ளே போகிறார்கள். இரண்டு கையிலும் பையோடு வெளியே வருகிறார்கள்.

அதே சாலையிலிருந்து நியூ காலனிக்குள் திரும்பினாலோ, தண்டவாளத்தைத் தாண்டி ராதா நகர் பக்கம் போனாலோ காட்சி மாறுகிறது. ஒரு மளிகைக் கடை, பக்கத்தில் மெடிக்கல் ஷாப், மாடிப்படிக்குக் கீழே தையல் கடை, மரத்தடியில் இஸ்திரி வண்டி, எதிரே டூவீலர் மெக்கானிக். ஏ.சி கிடையாது, டிராலி கிடையாது, ஆஃபர் பேனர் கிடையாது. ஆனாலும் மாலையானால் அங்கேயும் நாலு பேர் நிற்கிறார்கள்.

விலையில் பெரிய கடையோடு இவர்கள் போட்டி போட முடியாது. லாரி லோடாக வாங்குகிறவருக்குக் கிடைக்கும் விலை, மூட்டைக் கணக்கில் வாங்குகிறவருக்குக் கிடைக்காது. வேகத்திலும் முடியாது. பிளிங்கிட், செப்டோ, இன்ஸ்டாமார்ட் என நிமிடக் கணக்கில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார்கள். பிறகு எதை வைத்துத்தான் இந்தச் சின்னக் கடைகள் தாக்குப்பிடிக்கின்றன?

பதில் ரொம்ப எளிமையானது. இவர்களுக்கு உங்களைத் தெரியும். அந்த ‘தெரியும்’ என்பதற்கு என்ன மதிப்பு, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள், அது இல்லாமல் போனால் யாருக்கு நஷ்டம் என்று பார்ப்போம்.

தோல் ஆலையிலிருந்து தெருக்கடை வரை

குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு தொழிலிலிருந்து வந்ததுதான். 1910-களில் இங்கே குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் ஆலை வந்தது. குரோமிய உப்பை வைத்துத் தோல் பதனிடும் ‘குரோம்’ முறைதான் ஊர்ப் பெயரின் முதல் பாதி. ஆலை போய்விட்டாலும் சி.எல்.சி ஒர்க்ஸ் ரோடு என்ற பெயரில் அதன் மூன்றெழுத்து இன்னும் இருக்கிறது.

1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1949-ல் எம்.ஐ.டி என்கிற மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி வந்தது. ரயிலில் வேலைக்குப் போய் வர முடியும் என்றதும், நகரத்துக்குள் வீடு வாங்க முடியாத நடுத்தரக் குடும்பங்கள் இந்தப் பக்கம் மனை வாங்கின. ஒவ்வொரு நகரும் காலனியும் முளைக்க முளைக்க, அதன் முனையில் ஒரு மளிகைக் கடையும் முளைத்தது. பெரும்பாலும் அது ‘அண்ணாச்சி கடை’. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, உறவினர் கடையில் சம்பளத்துக்கு நின்று, தொழில் பழகி, பிறகு சொந்தமாகக் கடை போடுவது அந்த ஊர்க்காரர்கள் பலரின் வாழ்க்கைப் பாதை.

அன்றைக்கு வீடு கட்டிக் குடிவந்த குடும்பத் தலைவர்கள் இன்று ஓய்வூதியம் வாங்குகிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். 2021 நவம்பரில் பல்லாவரம், தாம்பரம் நகராட்சிகளும் சுற்றியிருந்த பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனபோது, குரோம்பேட்டையும் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஊர் பெரிதாகிவிட்டது. பெரிய ஊரில் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வது குறையும். அந்த இடத்தில்தான் தெருமுனைக் கடை முக்கியமாகிறது.

‘எப்பவும் வாங்குறதுதானேம்மா?’

தெருக்கடையில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அதற்குள் எத்தனை தகவல் அடங்கியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் பொன்னி பச்சரிசியா, புழுங்கலரிசியா? இட்லிக்கு எந்த அரிசி? துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோவா, இரண்டா? சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் சர்க்கரை எவ்வளவு குறைந்திருக்கிறது? அமாவாசைக்கு என்ன காய் தேவைப்படும்? ஆடியில் கூழுக்குக் கேழ்வரகு மாவு எடுத்து வைக்க வேண்டுமா? இதெல்லாம் கடைக்காரரின் தலைக்குள் இருக்கிறது.

“அண்ணாச்சி, நாளைக்குப் பசங்க வர்றாங்க” என்று ஓர் அம்மா போனில் சொன்னால், “அப்போ கோதுமை மாவு ரெண்டு கிலோ சேர்த்துப் போடட்டுமாம்மா?” என்று பதில் வருகிற கடைகள் எந்தத் தெருவிலும் ஒன்றிரண்டு இருக்கும். எழுதாத லிஸ்ட்டை எழுதிக்கொள்கிற திறமை அது.

மளிகைக் கடையோடு இது நிற்பதில்லை. தையல்காரரின் அளவு நோட்டில் பத்து வருஷத்துக்கு முந்தைய ரவிக்கை அளவு இருக்கும். தோள்பட்டை கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருப்பதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், தைக்கும்போது சரிசெய்துவிடுவார். நல்ல டூவீலர் மெக்கானிக் சத்தத்தை வைத்தே வண்டியின் நோயைச் சொல்வார். அதைவிட முக்கியம், “இதை இப்போ மாத்த வேணாம் சார், இன்னும் ஆறு மாசம் ஓடும்” என்று சொல்லி அனுப்புவார். அன்றைக்கு அவருக்கு வருமானம் இல்லை. ஆனால், அந்த வண்டி வேறு எந்தக் கடைக்கும் போகாது.

சில வீடுகளுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. இந்தியாவில் ஒரே மருந்து பல பிராண்டு பெயர்களில் விற்கப்படுகிறது. ரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டனை ஒரு டாக்டர் ஒரு பெயரில் எழுதியிருப்பார். வேறு பிரச்னைக்காகப் பார்த்த இன்னொரு டாக்டர் அதையே வேறு பெயரில் எழுதியிருப்பார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சாப்பிடுகிறவர், ஜலதோஷத்துக்கு வாங்கும் கூட்டு மாத்திரையிலும் அதே பாராசிட்டமால் இருப்பதை அறியாமல் இரட்டை அளவு விழுங்கக்கூடும். “ரெண்டும் ஒண்ணுதான் பாட்டி, டாக்டரைக் கேட்காம சேர்த்துச் சாப்பிட வேணாம்” என்று ஒரு மருந்தாளுநர் நிறுத்திச் சொல்ல வேண்டுமானால், அந்தப் பாட்டி போன வாரம் என்ன வாங்கினார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நோட்டுப் புத்தகம் என்ற வங்கி

பல கடைகளில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று போர்டு தொங்கும். ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்றும் எழுதியிருக்கும். அந்த போர்டுக்குக் கீழேயே பாக்கி நோட்டும் இருக்கும்!

மாதக் கணக்கு என்பது பல குடும்பங்களுக்கு வட்டியில்லாக் கடன். ஒன்றாம் தேதியிலிருந்து வாங்குவதைச் சிட்டையில் எழுதி, சம்பளம் வந்ததும் மொத்தமாகக் கொடுப்பது. ஜாமீன் கிடையாது, விண்ணப்பம் கிடையாது. இங்கே கடன் கொடுப்பதற்கான ஆதாரம், அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கடைக்காரருக்கு இருக்கும் ஞாபகம்தான். யார் ஐந்தாம் தேதிக்குள் கொடுப்பார், யார் பத்தாம் தேதிவரை இழுப்பார், யாருக்கு இந்த மாதம் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அதில் சேர்த்தி.

நம் ஊரில் இதே ஞாபகத்தின் மேல் பெரிய வியாபாரங்களும் எழுந்திருக்கின்றன. தவணை முறையில் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்பதைத் தமிழ்நாட்டில் பரவலாக்கியது வி.ஜி.பி நிறுவனம். அங்கே விற்பனையாளராக இருந்த எச்.வசந்தகுமார், 1978-ல் தனியாகக் கடை தொடங்கினார். அதுதான் வசந்த் அண்ட் கோ. கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் நிறுவனம் இந்தியாவில் தொடங்கப்பட்டதே 2000-ல்தான். அதற்கு முன்பு தவணைக்குப் பொருள் கொடுக்க வேண்டும் என்றால், வாங்குகிறவர் யார், எங்கே வேலை பார்க்கிறார், சொன்ன தேதியில் கொடுப்பாரா என்று நேரில் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. மின்விசிறியும் டிவியும் நடுத்தர வீடுகளுக்குள் வந்ததில் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

மயிலாப்பூர் கச்சேரி சாலையில் இருக்கும் டப்பா செட்டி கடை இன்னொரு வகை உதாரணம். 19-ம் நூற்றாண்டில் தொடங்கிய நாட்டு மருந்துக் கடை அது. டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரசவ மருந்து, தீபாவளி லேகியம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்பது அங்கே தெரியும். சூப்பர் மார்க்கெட்டில் சுக்கும் திப்பிலியும் பாக்கெட்டில் கிடைக்கும். எது எவ்வளவு என்று கேட்டால், அந்த அலமாரிக்குப் பதில் சொல்லத் தெரியாது.

மழை வந்தபோது...

2015 டிசம்பர் 1, 2 தேதிகளைத் தென்சென்னைப் புறநகர் மக்கள் மறக்க மாட்டார்கள். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை கடந்தது. முடிச்சூர், மேற்கு தாம்பரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் போனது. செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. ஏ.டி.எம்-கள் முடங்கின. கார்டு தேய்க்க வழியில்லை. ஆன்லைன் ஆர்டர் என்பது அந்த நாட்களில் அர்த்தமில்லாத வார்த்தை.

அப்போது இரண்டு விதமான கடைகளையும் சென்னை பார்த்தது. லிட்டர் பால் 100 ரூபாய்க்கு விற்கப்பட்டதாகப் பல பகுதிகளிலிருந்து செய்திகள் வந்தன. இன்னொரு பக்கம், மெழுகுவத்தி வெளிச்சத்தில் கடையைத் திறந்து வைத்து, “காசு அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல எடுத்துட்டுப் போங்க” என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கடைக்காரர் மட்டும்தான் ஞாபகம் வைத்திருப்பார் என்பதில்லை. தெருவும் ஞாபகம் வைத்திருக்கும். யார் விலை ஏற்றினார்கள், யார் அரிசியை எழுதிக்கொண்டு கொடுத்தார்கள் என்பதை வெள்ளத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் மக்கள் இன்னும் சொல்கிறார்கள்.

அடுத்த ஆண்டே இன்னொரு சோதனை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவிகிதம் அந்த இரண்டு நோட்டுகள்தான். யு.பி.ஐ வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தெருக்கடைகளில் அதைப் பார்த்தவர்களே குறைவு. வங்கி வாசலில் வரிசை நின்ற அந்த வாரங்களில், பல வீடுகளின் அடுப்பு எரிந்தது பாக்கி நோட்டை நம்பித்தான்.

கொரோனா காலத்தில் இதை அரசே கையில் எடுத்தது. 2021 மே மாதம் முழு ஊரடங்கு கடுமையாக்கப்பட்டபோது, மக்கள் வெளியே வராமல் மளிகைப் பொருட்கள் எப்படிக் கிடைக்கும் என்ற கேள்வி எழுந்தது. அந்தந்தப் பகுதி மளிகைக் கடைகளே போனில் ஆர்டர் எடுத்து, வாகனங்களிலோ தள்ளுவண்டிகளிலோ வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று தமிழ்நாடு அரசு அனுமதித்தது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை நேரம். எந்தத் தெருவில் எத்தனை வீடு, எந்த வீட்டில் வயதானவர்கள், எந்த வீட்டில் பேஷன்ட் என்று ஏற்கெனவே தெரிந்தவர்களிடம்தான் அந்த வேலை போய்ச் சேர்ந்தது.

போன் நம்பர் சொல்லுங்க சார்!

வாடிக்கையாளரைத் தெரிந்து வைத்திருப்பதன் மதிப்பு பெரிய நிறுவனங்களுக்கும் நன்றாகவே தெரியும். அதனால்தான் பில் போடும் இடத்தில் முதல் கேள்வியே போன் நம்பராக இருக்கிறது. லாயல்டி கார்டு, பாயின்ட்ஸ், ‘நீங்கள் முன்பு வாங்கியவை’ என்று ஆப் காட்டும் பட்டியல் எல்லாமே அண்ணாச்சியின் ஞாபகத்தைக் கம்ப்யூட்டரில் உருவாக்கும் முயற்சிகள்தான். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று சில கடைகள் கட்டாயப்படுத்துவதாகப் புகார்கள் குவிந்து, அப்படி வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்த வேண்டிய அளவுக்கு இது போனது.

இந்த ஞாபகத்துக்குப் பண மதிப்பு உண்டா? அமெரிக்காவில் பல சேவை நிறுவனங்களை ஆராய்ந்த ஃபிரெட்ரிக் ரெய்க்ஹெல்டும் எர்ல் சாஸரும் 1990-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வாடிக்கையாளர்களில் கூடுதலாக வெறும் 5 சதவிகிதத்தினரைத் தக்கவைத்தாலே, தொழிலைப் பொறுத்து லாபம் 25 முதல் 85 சதவிகிதம் வரை உயரும் என்பது அவர்களின் கணக்கு. பழைய வாடிக்கையாளரைத் தேட விளம்பரம் தேவையில்லை, அவருக்குப் புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை, அவரே இன்னும் நாலு பேரை அழைத்து வருவார் என்பதுதான் காரணம். நம் ஊர் வியாபாரிகள் இதைக் ‘கைராசி’ என்று சொல்வார்கள். முதல் போணி செய்பவரிடம் பேரம் பேசித் தகராறு செய்யாமல் கொடுத்துவிடுவதும், காய் வாங்கினால் கொசுறாகக் கறிவேப்பிலை போடுவதும் இந்தக் கணக்கின் உள்ளூர் வடிவங்கள்.

கம்ப்யூட்டருக்கும் கடைக்காரருக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று உண்டு. நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது இருவருக்கும் தெரியும். மாதாமாதம் ஐந்து கிலோ அரிசி வாங்கிய வீட்டில் திடீரென்று இரண்டு கிலோ போதும் என்றால், ஆப் ஒரு கூப்பன் அனுப்பும். கடைக்காரர், “ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்களாம்மா?” என்று கேட்பார். தினமும் பால் பாக்கெட் வாங்க வரும் தாத்தா இரண்டு நாளாக வரவில்லை என்றால், பையனை அனுப்பிக் கதவைத் தட்டச் சொல்கிற கடைகள் இருக்கின்றன. தனியாக வாழும் பெற்றோரை விட்டு வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு தட்டலின் மதிப்பு புரியும்.

எல்லாம் தெரிந்திருப்பதில் தொல்லையும் உண்டு

தெருக்கடை என்றால் எல்லாமே தங்கம் என்று சொல்லிவிட முடியாது. இளைஞர்கள் ஆப் பக்கம் போவதற்கு வேகம் மட்டும் காரணமில்லை. அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதும் ஒரு காரணம். நாப்கின் கேட்டால், சுற்றி நிற்பவர்கள் திரும்பிப் பார்க்க, செய்தித்தாளில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டுத் தரும் சங்கடம் பல பெண்களுக்குத் தெரியும். “இன்னும் கல்யாணம் ஆகலையா?” “வேலை போயிடுச்சாமே?” என்கிற கேள்விகளுக்குப் பயந்தே வேறு தெருக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பது எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பதும் சேவைதான்.

எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே முகம் கிடைக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மாதக் கணக்கு வைத்திருக்கும் சொந்த வீட்டுக்காரருக்கு ஒரு குரல், பத்து ரூபாய்க்கு எண்ணெய் கேட்டு வரும் வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு ஒரு குரல், தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளிக்கு இன்னொரு குரல் என்று இருந்தால், அது தனிப்பட்ட கவனிப்பு ஆகாது, பாரபட்சம்தான். பெரிய கடையில் யாரும் சிரித்து வரவேற்காவிட்டாலும், விலைச்சீட்டு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறது. பலருக்கு அதுவே மரியாதை.

பில் தராமல் இருப்பது, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று போர்டு மாட்டுவது ஆகியவையும் பழைய பழக்கங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி பில் தராததும், குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைகள். கடை சின்னதா பெரியதா என்பது இதில் கணக்கே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

இங்கே ஒரு குட்டித் தகவல். வாடிக்கையாளரே நம் கடைக்கு வரும் மிக முக்கியமான விருந்தாளி என்கிற பொருளில் காந்தி படத்தோடு ஒரு வாசகத்தைப் பல கடைகளிலும் வங்கிகளிலும் பார்த்திருப்பீர்கள். அதைக் காந்திதான் சொன்னார் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதே கருத்துள்ள வாசகங்கள் 1941-லேயே அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் கார் நிறுவன விற்பனை அதிகாரி ஒருவரின் பெயரில் அச்சாகியிருக்கின்றன. யார் சொன்னால் என்ன, அதைச் சுவரில் மாட்டுவது சுலபம். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொண்டுவருகிறவரிடம் முகம் சுளிக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

நிற்கும் கால்கள்

நல்ல கவனிப்புக்குப் பின்னால் ஒரு மனித உடம்பு இருக்கிறது. அதிகாலையில் பால் பாக்கெட் இறக்குவதிலிருந்து இரவு ஷட்டர் இழுப்பது வரை ஓர் அண்ணாச்சியின் நாள் சாதாரணமாகவே 15 மணி நேரத்தைத் தாண்டும். கடைக்குப் பின்னால் கணக்கு எழுதும் மனைவியின் உழைப்புக்குச் சம்பளப் பட்டியலே கிடையாது. பெரிய கடைகளில் இதன் வேறொரு வடிவத்தைப் பார்க்கலாம். நாள் முழுக்க நின்றபடியே புடவை விரித்துக் காட்டும் ஊழியர்களின் வலியை 2010-ல் வெளிவந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் எல்லோருக்கும் காட்டியது.

2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டு, ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி செய்து தருவது கட்டாயமாக்கப்பட்டது. கேரளம் 2018-லேயே இதைச் செய்திருந்தது. கால் வலியோடு நிற்பவரிடம் சிரித்த முகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, கவுன்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கிடைக்கும் கவனிப்பின் தரம் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

நெருக்கடி கூடிக்கொண்டேதான் போகிறது. விரைவு டெலிவரி நிறுவனங்களின் வளர்ச்சியால் ஓர் ஆண்டில் நாடு முழுவதும் சுமார் 2 லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டதாக, அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு 2024 அக்டோபரில் சொன்னது. இது அந்த அமைப்பின் மதிப்பீடு. அடக்க விலைக்கும் கீழே விற்பதாகக் குற்றம்சாட்டி, இந்தியப் போட்டி ஆணையத்தின் கதவையும் அது தட்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் மே 5-ல் கடைகளை அடைத்து வணிகர் தினம் கொண்டாடும் வணிகர் அமைப்புகளின் மேடைகளிலும் இந்தக் கவலை ஒலிக்கிறது.

இன்னொரு காரணம் கடைக்குள்ளேயே இருக்கிறது. பாக்கி நோட்டை வைத்துப் பிள்ளைகளை இன்ஜினீயரிங் படிக்க வைத்த கடைக்காரர்கள், அதே பிள்ளைகள் இந்தக் கல்லாவில் உட்கார வேண்டும் என்று விரும்புவதில்லை. கடையை வேறொருவருக்குக் கைமாற்றிவிடலாம். அலமாரி, தராசு, ஃபிரிட்ஜ் எல்லாம் கைமாறும். தெருவைப் பற்றிய முப்பது வருட ஞாபகம் கைமாறாது.

என்ன செய்யலாம்?

சின்னக் கடை நடத்துபவர்கள் செலவில்லாமல் செய்யக்கூடியவை சில:

- வாட்ஸ்அப்பில் லிஸ்ட் வாங்குங்கள். பொருள் இல்லை என்றால் அனுப்பும் முன்பே சொல்லிவிடுங்கள். வேறு பிராண்டைக் கேட்காமல் மாற்றி அனுப்பாதீர்கள்.
- கேட்டாலும் கேட்காவிட்டாலும் பில் கொடுங்கள். கையால் எழுதிய சிட்டையாக இருந்தாலும் தேதியும் விலையும் இருக்கட்டும்.
- காலாவதித் தேதி நெருங்கிய பொருளை நீங்களே சொல்லி விற்றுவிடுங்கள். வீட்டில் போய்ப் பார்த்து வாடிக்கையாளர் கண்டுபிடித்தால், அதோடு அந்த உறவு முடிந்தது.
- வாடிக்கையாளர் வாங்குவதை மற்றவர் முன்னால் சொல்லாதீர்கள். மருந்துக் கடைகளுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.
- பாக்கி விவரத்தைப் போனில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். மழையில் நோட்டு நனைந்தால் இரண்டு பக்கமும் சண்டை வராது.
- வேலை செய்யும் பையனுக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள்.

வாங்குகிறவர்களுக்கும் சில உண்டு:

- மாதக் கணக்கைச் சொன்ன தேதியில் முடியுங்கள். அந்தப் பணத்தில்தான் அடுத்த மூட்டை வர வேண்டும்.
- பெரிய சாமான்களை எல்லாம் ஆப்பில் வாங்கிவிட்டு, கொத்தமல்லிக்கும் சில்லறைக்கும் மட்டும் தெருக்கடைக்குப் போனால் அந்தக் கடை ஓடாது. மாதச் சாமானில் ஒரு பகுதியையாவது அங்கே வாங்கலாம்.
- பொருளோ நடத்தையோ சரியில்லை என்றால், சத்தமில்லாமல் கடையை மாற்றுவதற்கு முன்பு ஒருமுறை நேரில் சொல்லிப் பாருங்கள். பெரிய நிறுவனத்தில் புகார் ஒரு டிக்கெட் நம்பராக மாறும். இங்கே அது முதலாளியின் காதில் நேராக விழும்.
- பெற்றோர் தனியாக இருந்தால், அவர்கள் வாங்கும் மளிகைக் கடை, மெடிக்கல் ஷாப் இரண்டின் நம்பரையும் உங்கள் போனில் சேமித்து வையுங்கள். உங்கள் நம்பரையும் அவர்களிடம் கொடுத்து வையுங்கள்.

பத்து ரூபாய் குறைவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்குவது தவறில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் பட்ஜெட் இருக்கிறது. ஜி.எஸ்.டி சாலைக் கடைக்குப் போங்கள், அவசரத்துக்கு ஆப்பையும் திறங்கள். ஆனால், 49 சென்டிமீட்டர் மழை பெய்யும் நாளில் தெருமுனைக் கடை திறந்திருக்க வேண்டும் என்றால், வெயில் அடிக்கும் நாட்களிலும் அதற்கு வியாபாரம் நடந்தாக வேண்டும். இந்த மாதச் சாமான் லிஸ்ட் எழுத உட்காரும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.